நாய்க்கு வேலையில்லை

‘நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை’ என்று ஒரு பழமொழி உண்டு. டிகிரி முடித்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுகிற எவரும் வீட்டுத் திண்ணையிலிருந்து ஒருமுறையாவது இதைக் கேட்டிருப்பார்கள். திட்டுவதற்குப் பயன்படுகிற வாக்கியம் என்பதால் யாரும் அதை நிதானமாக வாசிப்பதில்லை. கொஞ்சம் வாசித்துப் பார்ப்போம். வேலை‘யும்’ இல்லை, நேர‘மும்’ இல்லை. இரண்டு ‘உம்’ போட்டு இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கிறது பழமொழி. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை என்று நாம் நினைப்பதால்தான் சிரிப்பு வருகிறது. உண்மையில் ஒன்று மற்றதின் காரணம். வேலை இல்லாததால்தான் நிற்க நேரமில்லை. ‘உம்’ இருக்கும் இடத்தில் ஒரு ‘ஆல்’ விழுந்திருந்தால் இது கேலியாக இருந்திருக்காது. ஒரு வைத்தியர் சொல்வது போல இருந்திருக்கும்.

நாயைப் பற்றி நம்மிடம் உள்ள பிரதிகளை இந்தப் பழமொழியைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க விரும்புகிறேன். ஒரு நடுகல், மூன்று நான்கு திரைப்படங்கள், சில சொற்கள். கேட்கப்போவது ஒரே கேள்விதான்: அங்கே வருகிற நாய்க்கு வேலை உண்டா?

இந்தக் கேள்வியை எனக்குக் கொடுத்தவள் சுள்ளி. தேவாரத்தில் என்னோடு இருக்கிறாள், நான்கு வயது. தாய், மலைமாட்டு மந்தையோடு திரிந்த செவலைப் பட்டிநாய். அதற்குக் கோம்பை ரத்தம் உண்டு என்று மந்தை வைத்திருந்த மாட்டுக்காரத் தாத்தா சொல்வார். கருத்த மூஞ்சியும் செவலை உடம்புமான அந்த நாயினத்துக்குப் பெயர் கொடுத்த கோம்பை, எங்களுக்குப் பண்ணைப்புரம் தாண்டினால் வருகிற ஊர். அதனால் எங்கள் பக்கம் எந்தச் செவலை நாயைக் காட்டியும் கோம்பை ரத்தம் என்று சொல்லலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். தகப்பன், மேலே ஏலத்தோட்டம் ஒன்றில் கட்டிக்கிடந்த அல்சேஷன். ஆக, சுள்ளி ‘கிராஸ்’.

அவளுக்கு நிற்க நேரமில்லை. விடிவதற்கு முன்னால் தோட்ட ஜீப்புக்காகப் பெண்கள் தூக்குவாளியோடு வந்து நிற்பார்கள். சுள்ளி அவர்களைச் சுற்றி ஒரு வட்டம் போடுவாள். யாராவது கொஞ்சம் தள்ளி நின்றால் பின்னால் போய் முட்டியை மூக்கால் தள்ளுவாள். எல்லோரும் ஏறி ஜீப் கிளம்பின பிறகுதான் வால் இறங்கும். “என்னாப்பா, உன் நாயி எங்களுக்குக் கங்காணி வேல பாக்குது” என்று ஓர் அக்கா சொன்னார். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள். சாயங்காலம் கோழிகள். ஒரு துக்க வீட்டில், பந்தலை விட்டு வெளியே பீடி குடிக்கப் போன மாமாக்களை ஒவ்வொருத்தராகச் சுற்றிச் சுற்றி உள்ளே கொண்டுவந்து சேர்த்தாள். அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

பிறகு சிரிக்க முடியாத ஒன்று நடந்தது. பக்கத்துத் தெருவில் ஓர் அப்பத்தா வெள்ளாடு வளர்க்கிறார். கூட்டத்தை விட்டு ஓடிய ஒரு குட்டியின் பின்னங்காலைச் சுள்ளி கவ்விவிட்டாள். ரத்தமில்லை, பல் தடம் மட்டும். ஆனால் ஆட்டைக் கடித்த நாய் என்று பெயர் விழுந்துவிட்டால் கிராமத்தில் அது லேசில் போகாது. அன்று சாயங்காலத்துக்குள் மூன்று யோசனைகள் வந்தன. ஒன்று, சங்கிலியில் கட்டிப் போடு. இரண்டு, மலை மேல கொண்டு போய் விட்டுரு. மூன்றாவதை எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும். மூன்று யோசனையிலும் நாய்க்கு வேலை இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அவள் செய்தது என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். ரேமண்ட் காப்பிங்கர் என்ற அமெரிக்க உயிரியலாளர் மேய்ப்பு நாய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் சொல்வதன் சாரம் இது. ஓநாயின் வேட்டை ஒரே செயல் கிடையாது, ஒரு வரிசை. கண் வைப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் மேய்ப்பு நாயிடம் இந்த வரிசையின் முன்பாதி ஊதிப் பெருத்திருக்கிறது, பின்பாதி அமுங்கிக் கிடக்கிறது. மந்தைக் காவல் நாயிடம் மொத்த வரிசையுமே மங்கிப் போயிருக்கும். அது ஆடுகளோடு படுத்துக் கிடந்து, வெளியிலிருந்து வருவதை மட்டும் எதிர்க்கும். ஓட்டுகிற நாய் வேறு, காக்கிற நாய் வேறு. நம் ஊர்க் கிடைகளிலும் பட்டிகளிலும் இருப்பது பெரும்பாலும் காக்கிற நாய். ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில் இருப்பது ஓட்டுகிற நாய். இன்றைய பார்டர் கோலிகளின் மூதாதை என்று சொல்லப்படும் ‘ஓல்ட் ஹெம்ப்’ 1893இல் பிறந்தது. குரைக்காமல், கடிக்காமல், கண்ணாலேயே ஆடுகளை நகர்த்தும் என்று அதற்குப் பெயர். சுள்ளிக்குள் இந்த இரண்டு நாய்களும் சேர்ந்தே இருக்கின்றன. தாய் வழியில் காவல், தகப்பன் வழியில் ஓட்டம். கவ்வுகிற இடத்தில் நிறுத்திக்கொள்வதற்குப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் மந்தையில்தான் கிடைக்கும்.

தகப்பன் வழி என்றேன். அல்சேஷன் என்றதும் நமக்கு போலீஸ் நாயும் பங்களா கேட்டும்தான் ஞாபகம் வரும். அதன் சரியான பெயர் ஜெர்மன் ஷெப்பர்ட், ஜெர்மானிய மேய்ப்பன். 1899இல் மாக்ஸ் ஃபோன் ஸ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி ஒரு மேய்ப்பு நாயை விலைக்கு வாங்கி, அதிலிருந்து இந்த இனத்தை வகுத்தார். தொழில்மயமான ஜெர்மனியில் மந்தைகள் குறைந்தபோது நாய்க்கு வேலை போகப் போகிறது என்று அவருக்குத் தெரிந்தது. போலீஸ், ராணுவம் என்று திருப்பிவிட்டார். முதல் உலகப் போர் சமயத்தில் ‘ஜெர்மன்’ என்ற சொல் பிரிட்டனில் கசந்ததால் அங்கே பெயரையும் மாற்றி அல்சேஷன் என்றார்கள். பிரிட்டிஷ்காரர்கள் வழியாக நமக்கு வந்தது அந்தப் பெயர். ஜெர்மனை எடுக்கப் போய் மேய்ப்பனையும் எடுத்துவிட்ட பெயர். தமிழில் ‘அல்சேஷன்’ என்று சொல்கிற யாருக்கும் அது மேய்க்கிற நாய் என்று தெரிய வழியில்லை. ஒரு நாயின் வேலை போனால், கொஞ்ச காலத்தில் பெயரிலிருந்தும் அது போய்விடுகிறது.

நம் சொற்களிலும் இதைப் பார்க்கலாம். தமிழில் பட்டி என்றால் ஆடுமாடு அடைக்கும் இடம். எங்கள் மாவட்டத்தில் பாதி ஊர்ப் பெயர்கள் அதில்தான் முடிகின்றன. மலை ஏறி அந்தப் பக்கம் இடுக்கியில் இறங்கினால், மலையாளத்தில் பட்டி என்றாலே நாய். ஜீப்பில் போய்வரும் பெண்கள் இதை வைத்து நாள் முழுக்கச் சிரிப்பார்கள். ஒரு மலையின் இந்தப் பக்கம் தொழுவம், அந்தப் பக்கம் நாய். இதற்கு வேர்ச்சொல் விளக்கம் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் இரண்டு சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, பட்டியும் அதைச் சுற்றி ஓடும் நாயும் ஒன்றாகவே மனதில் வருகின்றன. அதே சமயம் தெருவில் சுள்ளியோடு நடந்தால் யாரும் அவள் என்ன செய்வாள் என்று கேட்பதில்லை. “இது என்னா சாதி?” என்றுதான் கேட்கிறார்கள். நல்ல இனம் என்பதற்குத் தமிழில் வழங்கும் சொல்லே ‘சாதி நாய்’. 2020 ஆகஸ்டில் பிரதமரின் ‘மனதின் குரல்’ உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி, நாட்டு இனங்களை வளர்க்கச் சொன்னார்கள். நல்ல விஷயம். ஆனால் தேநீர்க் கடையில் அதற்குப் பின் நடந்த பேச்செல்லாம் எது ஒரிஜினல், எது கலப்பு என்பதிலேயே நின்றது. சாதியைப் பற்றிப் பேச நமக்கு நாய் ஒரு சாக்கு.

இப்போது நடுகல்லுக்கு வருகிறேன். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. செங்கம் பகுதி நடுகற்களைப் பற்றிப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். தன் எருமை மந்தையைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவக்கத்தி என்ற இளைஞனுக்கு எடுத்த கல். அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயின் உருவமும் உண்டு. அந்த நாய்க்குத் தனியாக ஒரு வாசகம். பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்திருந்தது என்கிறது கல்வெட்டு.

தமிழில் நாயைப் பற்றிய மிகச் சிறந்த வாக்கியம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். இதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பாருங்கள். பெயர் இருக்கிறது. எண்ணிக்கை இருக்கிறது, இரண்டு பேர். செய்த வேலை இருக்கிறது, கடித்தது, காத்திருந்தது. நன்றி என்ற சொல் இல்லை. விசுவாசம் இல்லை. நாய் செத்ததா என்றுகூட இந்த வாக்கியம் சொல்லவில்லை. ‘காத்திருந்தவாறு’ என்று முடித்துவிட்டு நிற்கிறது. காத்தல், இருத்தல் இரண்டும் ஒட்டிக்கிடக்கிற சொல். மாட்டைக் காத்ததா, எழுந்திருக்காத தன் ஆளுக்குப் பக்கத்தில் காத்துக் கிடந்ததா, இரண்டுமா? எழுதியவர் விளக்கவில்லை. நாயின் மனதுக்குள் புகுந்து பார்த்ததாக நடிக்கவும் இல்லை. பார்த்ததை எழுதிவிட்டுப் போய்விட்டார். 1400 வருஷத்துக்கு முன்னால் ஓர் இடையனுக்குக் கிடைத்த அதே கல்லில் அவன் நாய்க்கும் இடம் கிடைத்தது. அது உடன் வேலை பார்த்த சக தொழிலாளி என்ற கணக்கில்தான்.

கோவிவனைப் பார்த்துவிட்டு நம் காலத்துச் சினிமாவுக்கு வந்தால் பெரிய இறக்கமாக இருக்கிறது. 2022இல் வந்த ‘777 சார்லி’யை எடுத்துக்கொள்வோம். கன்னடப் படம், தமிழிலும் ஓடியது. தனிமையில் கெட்டுப்போன ஒருவனை ஒரு லாப்ரடார் நாய் மீட்கிறது. அதற்குப் புற்றுநோய். பனியைக் காட்ட அவன் அதை இமயம் வரை கூட்டிப் போகிறான். நானும் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாயின் வேலை என்ன? அவனைத் திருத்துவது. பிறகு சாவது. அதே ஆண்டு வந்த ‘ஓ மை டாக்’கில் பார்வையில்லாத ஒரு ஹஸ்கி குட்டியை ஒரு சிறுவன் காப்பாற்றி நாய்ப் போட்டிக்குத் தயார் செய்கிறான். ஹஸ்கி பனியில் வண்டி இழுக்கப் பிறந்த நாய். அதன் கால்கள் அதற்காகவே செய்யப்பட்டவை. படத்துக்கு வேண்டியிருந்தது அதன் நீலக் கண்ணும் குழந்தையின் பாசமும்தான். இரண்டு படத்திலும் நாய் ஒரு மருந்து. மனிதனின் காயத்தில் தடவுவது.

‘பரியேறும் பெருமாள்’ (2018) அப்படி இல்லை. அதனால்தான் அதோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. கருப்பி முதலில் ஒரு வேட்டை நாய். பரியனும் அவன் கூட்டமும் வேட்டை நாய்களோடு காட்டில் திரிவதில் படம் தொடங்குகிறது. நாய்களைக் குளிப்பாட்டுகிறார்கள், பேசுகிறார்கள். இந்த ஆட்களுக்கும் நாய்களுக்கும் நடுவில் ஒரு தொழில் உறவு இருக்கிறது என்பது சில நிமிஷங்களிலேயே தெரிந்துவிடுகிறது. நல்ல வேட்டை நாய் வைத்திருப்பது ஒரு மிடுக்கு. அந்த மிடுக்கைப் பொறுக்காதவர்கள்தான் அவளைத் தண்டவாளத்தில் கட்டுகிறார்கள். கொல்லப்படுவது ஒரு செல்லப்பிராணி மட்டுமல்ல, ஒரு திறமையும் கூட. இதை மாரி செல்வராஜ் அளவுக்குத் தெரிந்துகொண்டு தமிழில் வேறு யாரும் நாயைப் படமெடுத்ததில்லை.

ஆனால் செத்த பிறகு கருப்பி வேறொன்றாகிறாள். அவனை எழுப்புகிற, வழிகாட்டுகிற, தண்டவாளத்திலிருந்து மீட்கிற ஆவி. படத்தின் தர்க்கத்துக்கு அது தேவை; அதைக் குறை சொல்ல மாட்டேன். என் வருத்தம் படத்தைப் பற்றியதைவிட அது வாசிக்கப்பட்ட விதத்தைப் பற்றியது. கருப்பி எதன் குறியீடு என்று எத்தனையோ கட்டுரைகள் எழுதினோம். அவள் எப்படி ஓடினாள், எதை முகர்ந்தாள், அந்தப் பையன்கள் அவளுக்கு எப்படிக் குரல் கொடுத்தார்கள் என்று ஒரு கட்டுரையாவது எழுதியிருக்கலாம். முதல் காட்சிகளில் படமே அதைக் கொடுத்திருந்தது. குறியீடு கிடைத்ததும் நாயைக் கீழே போட்டுவிட்டோம். விமர்சகர்களாகிய நமக்கு நாய் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அதே 2018 ஆகஸ்டில் எங்கள் மலையைப் பற்றிய படம் ஒன்று வந்தது. லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. நாயைப் பற்றிய படம் அல்ல. ஆனால் சுள்ளியின் நிலைமையை எனக்கு விளக்கிய படம் அதுதான் என்பதால் இங்கே வருகிறது. ரங்கசாமி, அடிவாரத்திலிருந்து மலைக்கும் மலையிலிருந்து அடிவாரத்துக்கும் தலைச்சுமையாகச் சுமப்பவன். விடிகாலையில் கிளம்புகிறான், ஒற்றையடிப் பாதையில் ஏறுகிறான், வழியில் ஒவ்வொருவரோடும் பேசுகிறான். தேனி ஈஸ்வரின் கேமரா அவசரமே படாமல் அவன் கூடவே நடக்கிறது. படத்தின் முதல் பாதியில் கதை என்று பெரிதாக ஒன்றும் நடக்காது, வேலை நடக்கும். மூட்டை பள்ளத்தில் உருண்டு ஏலக்காய் சிதறும் இடத்தில் தியேட்டரில் எனக்குப் பக்கத்திலிருந்தவர் “அய்யய்யோ” என்று எழுந்தே விட்டார். அவருக்கு அந்த எடை தெரிந்திருக்கிறது.

கடைசியில் ரங்கசாமி எங்கே இருக்கிறான்? தன்னுடையதாக இருந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். சீருடை போட்டிருக்கிறான். கேமரா மேலே போகப் போக அவன் புள்ளியாகிறான். அவனுக்குச் சம்பளம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, சுமை இல்லை. ஆனாலும் அது ஏன் நெஞ்சை அடைக்கிறது? நடந்து கொண்டிருந்தவனை உட்கார வைத்துவிட்டார்கள். நகர்கிற வேலையை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக நகராத வேலையைக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டெஃபானிட்ஸின் நாய்க்கு நடந்ததும் இதுதான். ஏலத்தோட்டத்தில் கட்டிக்கிடந்த சுள்ளியின் தகப்பனுக்கு நடந்ததும் இதுதான். வேலை போனவனுக்கு இந்த உலகம் கொடுக்கிற கடைசி வேலை காவல். மனிதனுக்கு நாற்காலி, நாய்க்குச் சங்கிலி.

மாட்டுக்காரத் தாத்தா மந்தையை விற்று இரண்டு வருஷமாகிறது. எழுபது உருப்படிக்கு மேல் வைத்திருந்தவர். காட்டுக்குள் மேய்ப்பது வருஷத்துக்கு வருஷம் சிரமமாகிக்கொண்டே வந்தது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை சொல்லி, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவுக்குச் சுருக்கியது. புலிக்கும் இடம் வேண்டும், அதை மறுக்க மாட்டேன். மாடு எவ்வளவு போனால் காடு தாங்கும் என்பது நியாயமான கேள்வி. தாத்தா இதைப் பற்றி நிறையப் பேச மாட்டார். “பயலுக திருப்பூர்ல இருக்கானுக. எனக்கும் முட்டி போச்சு. யாரு மேய்க்கிறது?” என்பார். ஒரு மந்தை போவதற்குச் சட்டம் மட்டும் காரணமாக இருப்பதில்லை. ஆனால் மந்தை போனால் கூடவே போகிறவற்றின் பட்டியலை யாரும் எழுதி வைப்பதில்லை. அதில் நாயும் ஒன்று. மாடுகளை விலை பேசி லாரியில் ஏற்றினார்கள். நாய்களுக்கு விலை இல்லை, அவை லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடின.

இப்படி ஓடி நின்ற நாய்தான் பிறகு ‘தெரு நாய்’ ஆகிறது. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெருநாய்களைப் பிடித்து அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, 22ஆம் தேதி அதை மாற்றியபோது, நம் டைம்லைன்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது நினைவிருக்கும். ஒரு பக்கம் ‘பாவம்’, இன்னொரு பக்கம் ‘ஆபத்து’. கடிபட்ட குழந்தையின் வலியைச் சின்னதாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த விவாதம் முழுக்க இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை இருந்தது: நாய் என்பது சும்மா இருக்கிற ஒரு பிராணி. சும்மா இருப்பதால் ஒரு தரப்புக்கு அது கொஞ்சலாம், இன்னொரு தரப்புக்கு அது தேவையில்லை. மனிதனும் நாயும் சேர்ந்தது வேலைக்காக என்பதும், அந்த வேலையை முடித்துக்கொண்டது மனிதன்தான் என்பதும் யார் வாயிலும் வரவில்லை.

நாயின் வேலையைப் பற்றி நான் பார்த்ததில் மிக அறிவுள்ள படம் ஒரு பன்றியைப் பற்றியது. ‘பேப்’ (1995). டிக் கிங்-ஸ்மித்தின் சிறுவர் நாவலிலிருந்து எடுத்தது. பண்ணையில் வந்து சேரும் பன்றிக்குட்டி, மேய்ப்பு நாய்களைப் பார்த்து ஆடு ஓட்டக் கற்றுக்கொள்கிறது. நாய்களுக்கு ஆடு என்றால் மட்டம், மிரட்டினால்தான் நகரும் என்று நினைக்கின்றன. பன்றி ஆடுகளிடம் மரியாதையாகக் கேட்கிறது, அவை நகர்கின்றன. குழந்தைப் படம் என்று தள்ளிவிடலாம். ஆனால் இது மேய்ப்பைப் பற்றிச் சொல்வது சரி. ஓட்டுவது என்பது அதட்டல் அல்ல, தூரத்தை அறிவது. எவ்வளவு நெருங்கினால் ஆடு நகரும், எவ்வளவு நெருங்கினால் சிதறும் என்ற கணக்கு. அந்தக் கணக்கு ரத்தத்தில் பாதி, பழக்கத்தில் பாதி. பன்றிக்கு ரத்தத்தில் ஒன்றும் இல்லை, ஆனாலும் கற்றுக்கொள்கிறது. “இது என்னா சாதி?” என்ற கேள்விக்கு அந்தப் பன்றி நல்ல பதில்.

சுள்ளியின் கதைக்குத் தீர்வு வந்தது நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து. குட்டியின் காலில் பல் பட்டதே, அந்த அப்பத்தா. மூன்று நாள் திட்டினார். நான்காம் நாள் வீட்டு வாசலில் வந்து நின்று, “அது கடிக்கிற நாயி இல்லப்பா. கடிக்கிற நாயி தொண்டையப் புடிக்கும். இது காலப் புடிக்குது. திருப்பத்தான் பாக்குது. அதுக்கு வேலயக் குடு” என்றார். காப்பிங்கர் ஒரு புத்தகத்தில் சொன்னதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இப்போது காலை ஏழு மணிக்கு அப்பத்தாவின் 14 ஆடுகளோடு சுள்ளி மலையடிவாரத் தரிசுக்குப் போகிறாள். முதல் ஒரு மாதம் கழுத்தில் நீளக் கயிறு. மாட்டுக்காரத் தாத்தா ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டு குரல் மட்டும் கொடுப்பார். நாக்கை மேலண்ணத்தில் தட்டினால் சுற்றிப் போ. தொண்டையிலிருந்து நீளமாக ஒன்று வந்தால் நில். உதட்டைக் குவித்து உள்ளே இழுத்தால் விடு, வந்துரு. பத்துப் பதினோரு மணிக்குத் திரும்பி வந்தால் வேப்பமர நிழலில் கட்டை மாதிரி கிடக்கிறாள். கோழி தலைக்கு மேல் ஏறிப் போனாலும் கண் திறப்பதில்லை.

தாத்தா கொடுக்கும் அந்த மூன்று ஒலிகளையும் எழுத்தில் எழுதிப் பார்த்தேன். தமிழ் எழுத்துக்குள் அவை அடங்கவில்லை. கி.ராஜநாராயணன் ‘கிடை’ எழுதினார், கரிசல் காட்டுச் சொற்களுக்கு அகராதியே போட்டார். சு. தமிழ்ச்செல்வி ‘கீதாரி’யில் ஆட்டுக்காரர்களின் வாழ்க்கையை எழுதினார். பெருமாள்முருகன் ஒரு வெள்ளாட்டையே நாயகியாக்கி ‘பூனாச்சி’ எழுதினார். மேய்ப்பவருக்கும் மேய்வதற்கும் நம்மிடம் புத்தகம் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறதே, அதற்குத் தனியாக ஒரு புத்தகம் வரவேண்டும். இந்த மலைச்சரிவில் அந்த ஒலிகள் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் பாறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முட்டி வலி. அவர்கள் பிள்ளைகளுக்கு அந்த ஒலி வேண்டாம். அதில் தப்பும் இல்லை. ஒலியைக் கேட்டு எழுதி வைக்க எழுத்தாளருக்கு நேரமிருக்கிறது, அது அதிகமில்லை.

எழுதப் போகிறவர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். நாயை உங்கள் கதையில் சாகடிக்காதீர்கள். குறைந்தபட்சம் சீக்கிரம் சாகடிக்காதீர்கள். அதை நன்றியுள்ளது என்றும் எழுதாதீர்கள். நன்றி என்பது நாம் அதற்குப் போடும் சம்பளமில்லாத பட்டம். அது எந்தப் பக்கத்திலிருந்து சுற்றி வந்தது, எங்கே படுத்தது, எப்போது எழுந்தது என்று எழுதுங்கள். எடுத்தனூர்க் கல்லை வெட்டியவர் கள்ளர்கள் இரண்டு பேர் என்று எண்ணி எழுதியிருக்கிறார். நீங்கள் எத்தனை ஆடு என்று எண்ணுங்கள். போனபோது எத்தனை, திரும்பியபோது எத்தனை.